ஆற்றுக்கு ஒரே சட்டம் வேண்டும்: மீன்வள ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநில மீன்வள ஆணையர் அவர்களுக்கு,



காவிரியில் எந்த மீனை, யார், எந்தக் கருவியால், எந்த மாதத்தில் பிடிக்கலாம் என்று வரையறுக்கும் பொறுப்பு தங்கள் அலுவலகத்துடையது. அணையிலும் ஆற்றிலும் எந்த இனக் குஞ்சை விடுவது என்பதிலும் தங்கள் சொல்லே முதற்சொல். இந்த இரண்டு முடிவுகளை நம்பி ஒரு மீனினத்தின் பிழைப்பு நிற்கிறது. கூன்முதுகு மகசீர் எனப்படும் காவிரியின் பெருங்கெண்டையைப் பற்றித்தான் இம்மடலை எழுதுகிறோம்.

அந்த மீனைத் தூண்டிலில் வென்று படமெடுத்துக்கொள்ள விரும்புவோர் ஒரு பக்கம் நிற்கிறார்கள். அதே ஆற்றில் வலை வீசி வயிறு வளர்ப்போர் இன்னொரு பக்கம். ஆற்றில் யாரும் கை வைக்கவே கூடாது என்போர் வேறொரு பக்கம். இம்மூவரின் மனுக்களும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கோப்புகளில் பார்க்கப்பட்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆணைகளாக வந்து விழுவதுதான் இதுவரை நடந்தது. ஆறு ஒன்று; அதற்கான சட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோளின் சாரம்.

முதலில் மீனின் நிலையைச் சொல்லிவிடுகிறோம். செம்மஞ்சள் துடுப்பும், தலைக்குப் பின்னால் திமில்போல் எழும் முதுகும், உள்ளங்கை அகலச் செதிலும் கொண்ட இந்த மகசீர் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. மைசூரைச் சேர்ந்த வான் இங்கென் என்பவர் 1946 மார்ச் 22 அன்று கபினியில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ. அந்த எடையைக் கேட்டு உலகின் பல மூலைகளிலிருந்து தூண்டில்காரர்கள் காவிரிக்கு வந்தார்கள். புத்தகங்கள் எழுதினார்கள். ஆனால் இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு முறையான அறிவியல் பெயர் 2018 வரை உறுதியாகவில்லை. அவ்வாண்டுதான், கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரமாதேவி’ என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள். தமிழகத்துக்குள் அமராவதியாக இறங்கும் ஆறுதான் அந்தப் பாம்பாறு. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரமா தேவியின் பெயரே அந்த இனத்துக்கு வைக்கப்பட்டது. பெயர் உறுதியான அதே 2018-இல், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ‘மிக அருகிய இனம்’ என்று சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. இயற்கையில் முற்றாக மறைவதற்கு ஒரு படி முந்தைய நிலை அது.

இன்று அம்மீன் எஞ்சியிருப்பதாக அறியப்படும் சில இடங்களில் ஒன்று மாயாறு. முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடிப் பவானிசாகரில் விழும் ஆறு. ஆகவே இதைக் கர்நாடகத்தின் கவலை என்று தள்ளிவிட முடியாது. எஞ்சியதில் ஒரு முக்கியப் பங்கு தமிழக எல்லைக்குள், தங்கள் பொறுப்பில் இருக்கிறது.

ஐயா, இந்த நிலைக்கு யார் காரணம் என்று கேட்டால் எளிதாகக் கிடைக்கும் விடை, தூண்டில்காரர்கள் என்பது. அதைவிட எளிதாகக் கிடைக்கும் மற்றொரு விடை, தூண்டில்காரர்கள் இருந்தவரை மீன் இருந்தது என்பது. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். ஏனெனில், எந்தப் பாதியைத் தாங்கள் நம்புகிறீர்களோ அதற்கேற்பவே அடுத்த ஆணை அமையும்.

சிவசமுத்திரத்துக்குக் கீழே, கர்நாடகக் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகாளி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. கேழ்வரகு மாவை வேகவைத்து உருண்டை பிடித்துத் தூண்டிலில் கோத்து, பாறை இடுக்கின் நீரோட்டத்தில் விடுவார்கள். சிக்கிய மீனைக் கரைக்குக் கொண்டுவந்து, எடை பார்த்து, படம் எடுத்து, மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. முன்பு திருட்டுத்தனமாக வெடி வைத்து மீன் பிடித்தவர்களில் சிலரே அங்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றார்கள். மீனைக் கொன்றால் ஒரு நாள் கூலி, காத்தால் மாதச் சம்பளம் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. முகாம் இருந்த எல்லைக்குள் தோட்டாச் சத்தம் குறைந்தது. இது அந்த ஏற்பாட்டின் நல்ல பக்கம்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை ஒரு பதிவேடு எழுதப்பட்டது. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன் பட்டது, என்ன எடை என்று ஒவ்வொன்றும் அதில் இருந்தது. 23,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு, 6,000-க்கும் மேற்பட்ட மகசீர்கள். இந்த மீன் குறித்து இத்தனை ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாகக் கிடைத்த கணக்கு, விளையாட்டுக்காக வந்தவர்கள் எழுதிவைத்த இந்த நோட்டுப் புத்தகம்தான். பின்னாளில் ஆய்வாளர்கள் இதை எடுத்துப் படித்தபோதுதான் ஆற்றின் உண்மை நிலவரம் வெளியே தெரிந்தது.

அந்த நிலவரம் இது: ஆண்டுக்கு ஆண்டு தூண்டிலில் பட்ட மகசீரின் மொத்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. முகாமுக்கு வந்தவர்கள் மகிழ்ந்தார்கள். பாதுகாப்பு வென்றுவிட்டது என்று எழுதினார்கள். ஆனால் கூடியது காவிரியின் மகசீர் இல்லை. மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் ஒரு மின் நிறுவனத்தின் பண்ணையில் பொரித்து வளர்த்த நீலத்துடுப்பு மகசீரின் வாரிசுகள் அவை. ஆற்றில் மீன் பெருக வேண்டும், தூண்டில்காரர்களுக்கு மீன் கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அந்த இனத்தின் குஞ்சுகள் பல ஆண்டுகள் காவிரியில் விடப்பட்டன. 1990-களிலிருந்து அவை தூண்டிலில் படத் தொடங்கி, மெல்ல மெல்ல ஆற்றையே பிடித்துக்கொண்டன.

அதே பதிவேட்டில் கூன்முதுகு மகசீரின் வரிசையைப் பார்த்தால், பட்ட மீன்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. சராசரி எடையோ ஏறிக்கொண்டே போகிறது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது நல்ல செய்தி: மீன்கள் பெரிதாகின்றன! உண்மையில் ஒரு ஊரில் சராசரி வயது ஏறிக்கொண்டே போய், தொட்டில் கட்டிய வீடு ஒன்றுகூட இல்லாமல் போனால் என்ன பொருளோ, அதே பொருள்தான் இதற்கும். பெரியவை மட்டும் மிஞ்சின, குஞ்சுகள் வரவில்லை. கோப்பை வெல்லத்தக்க மீன்களைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே அந்த இனம் கண்முன் முடிந்துகொண்டிருந்தது.

இது தூண்டில் விளையாட்டின் கெட்ட பக்கம். அது ஆற்றைக் காவல் காத்தது. ஆனால் எதைக் காக்கிறோம் என்று கேட்கவில்லை. தூண்டிலில் எடை தெரிந்தால் போதும் என்றிருந்தது. தங்கள் துறையின் வரலாற்றிலேயே இதற்கு முன்னோடி உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறை பிறந்த 1907-ஆம் ஆண்டிலேயே நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் பண்ணையும் பிறந்தது. அயல்நாட்டு மீனை நம் மலை ஓடைகளில் வளர்த்தது வெள்ளைக்காரர்களின் தூண்டில் பொழுதுபோக்குக்காகத்தான். அதற்கும் முன்பே, 1879-இல், நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது பாதுகாக்க முனைந்தது வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களை. ஓடையில் பிறந்த மீனுக்கு அதில் இடமில்லை. பிடிப்பவரின் ஆசையை முதலில் வைத்து எழுதப்படும் விதி இப்படித்தான் முடியும்.

இனி தடையின் கதைக்கு வருகிறோம். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் ஓர் உயிரினத்தைப் பிடிப்பதே வேட்டைதான். பிடித்து விட்டுவிட்டேன் என்பது சமாதானம் ஆகாது. அந்த அடிப்படையில் கர்நாடகத்தின் காவிரி வனஉயிரினச் சரணாலயத்துக்குள் தூண்டில் நிறுத்தப்பட்டது. சட்டத்தின் பார்வையில் அந்த முடிவில் குறை காண முடியாது. ஆனால் தூண்டிலோடு பதிவேடும் நின்றது. சம்பளம் வாங்கிய கரைக்காவலும் போனது. கம்பு பிடித்தவரை வெளியேற்றிய ஆணை, தோட்டா பிடித்தவரைத் தொடவில்லை.

தமிழகக் கரையில் 2022-இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள காவிரி தெற்கு வனஉயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மனமார வரவேற்கிறோம். ஆற்றின் இரு கரைக்கும் இப்போது காப்பு இருக்கிறது, வரைபடத்தில். ஆனால் மீனுக்கு வரைபடம் தெரியாது. வெள்ளத்தில் மேலே ஏறும். வற்றும்போது மடுவில் ஒதுங்கும். சரணாலய எல்லையைத் தாண்டி இறங்கி ஒகேனக்கல்லில், மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வலையில் விழும். அங்கே அது வனத்துறையின் உயிரினம் இல்லை. தங்கள் துறையின் ‘மீன்’. ஒரே மீனுக்கு மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், தூண்டிலுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று என்ற இந்தப் பிளவுதான் எங்கள் முதன்மையான குறை.

அடுத்த குறை வெடி. தோட்டா வைத்து மீன் பிடிப்பது எப்படி நடக்கிறது என்பது தங்கள் களப் பணியாளர்களுக்குத் தெரியாததில்லை. கோடையில் ஆறு வற்றி, மீனெல்லாம் ஒரு மடுவில் சேர்ந்திருக்கும் நேரம் பார்ப்பார்கள். கல் உடைக்கும் இடங்களிலிருந்து நழுவி வந்த வெடிமருந்தில் திரி சொருகி, கல்லைக் கட்டி எறிவார்கள். தண்ணீருக்குள் பரவும் அதிர்ச்சியில் மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை கிழிந்துபோகும். வெளியே ஒரு காயமும் தெரியாது. சில மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும். அவற்றை அள்ளிக்கொண்டு போவார்கள். ஏராளமானவை அடியில் போய்ப் பாறைக்கிடையே தங்கிவிடும். அவை யாருக்கும் சோறாவதில்லை. விரல் நீளக் குஞ்சுக்கும் இருபது கிலோ தாய்மீனுக்கும் அந்த வெடியில் வேறுபாடு கிடையாது. வலைக்காரர் ஒரு பருவம் முழுக்க எடுத்தாலும் தீராத மடு சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் தெளிவாகத் தடைசெய்கிறது. அன்று அதற்கு வைத்த தண்டனை 2 மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். 1897-இல் 200 ரூபாய் ஒரு குடும்பத்தை ஆட்டிவைக்கும் தொகை. இன்று ஒரு பெரிய மகசீரை விற்ற காசில் அதைக் கட்டிவிட்டு மிச்சத்தை மடியில் முடிந்துகொண்டு போகலாம்.

குறைகளைச் சொன்னோம். இனித் தாங்கள் செய்யக்கூடியவற்றைக் காரணத்தோடு கேட்கிறோம்.

முதலாவதாக, கூன்முதுகு மகசீரை யாரும், எந்தக் கருவியாலும் எடுத்துச் செல்லக்கூடாது என்று காவிரிப் படுகை முழுமைக்கும் ஒரே ஆணை பிறப்பிக்க வேண்டுகிறோம். சரணாலயத்துக்கு உள்ளே, வெளியே என்ற வேறுபாடு இதில் வேண்டாம். தூண்டில், வலை என்ற வேறுபாடும் வேண்டாம். மீன் எவ்வளவு பெரிதோ, அதன் சினையும் அந்த அளவுக்கு மேல் பெருகுகிறது. ஒரு பெரிய தாய்மீன் இடும் முட்டைகளைப் பல சிறிய மீன்கள் சேர்ந்தாலும் ஈடுசெய்ய முடியாது. நம் விதிகள் பெரும்பாலும் ‘சிறியதை விடு, பெரியதை எடு’ என்ற நினைப்பில் எழுதப்படுபவை. மகசீருக்கு அது தலைகீழ். பெரியது தப்பினால்தான் சிறியது பிறக்கும்.

இளம்பருவத்தில் இரண்டு மகசீர் இனங்களையும் பிரித்தறிவது எளிதில்லை என்பதை அறிவோம். அதற்காகத்தான், சந்தேகம் வந்தால் விட்டுவிடுவது என்ற விதியையும் ஆணையில் சேர்க்கக் கோருகிறோம். மறுபுறம், வெளியிலிருந்து வந்த நீலத்துடுப்பு மகசீரைப் பொறுத்தவரை, அடையாளம் ஐயமறத் தெரியும் அளவில் இருந்தால், உரிமம் பெற்ற மீனவர்கள் எடுத்துக்கொள்ள அனுமதிக்கலாம். அவர்களுக்கும் வருவாய், ஆற்றின் சொந்த மீனுக்கும் கொஞ்சம் இடம். ஒகேனக்கல்லில் பரிசல் துறையிலும் மீன் வறுக்கும் கடை வரிசையிலும் இரண்டு மீன்களின் வண்ணப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைப்பது பெரிய செலவில்லை. கடையில் எண்ணெய்ச் சட்டிக்குப் போகுமுன் மீனை அடையாளம் காணும் கண்கள் அங்கேதான் இருக்கின்றன.

வலையில் சிக்கிய மீனை விட்டுவிடு என்று சொல்வது எளிது. செவுள் வலையில் இரவெல்லாம் மாட்டிக் கிடந்த மீன் விட்டாலும் பிழைக்காது. எனவே மீன் ஒதுங்கும் முக்கியமான மடுக்களைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுக்க வலையும் தூண்டிலும் தொடக்கூடாத காப்பு மடுக்களாக அறிவிக்க வேண்டுகிறோம். இது நமக்குப் புதிய வழக்கம் இல்லை. துங்கைக் கரையில் சிருங்கேரியிலும், காவிரிக் கரையிலேயே ஹாசன் மாவட்டத்து ராமநாதபுரத்திலும் கோயிலை ஒட்டிய மடுவில் மீன் பிடிப்பதில்லை என்ற கட்டுப்பாட்டை மக்களே காத்து வருகிறார்கள். அங்கே பக்தி செய்யும் வேலையை இங்கே தங்கள் அறிவிக்கை செய்யட்டும். எந்த மடு என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், அந்தந்த ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மடுவின் ஆழம் அவர்கள் கைக்கோலுக்குத் தெரியும்.

இரண்டாவதாக, குஞ்சு விடுவதைப் பற்றி. ஆறுகளில் மீன்வளத்தைப் பெருக்க நாட்டின மீன் குஞ்சுகளை விடுவது அரசின் கொள்கையாக இருக்கிறது. கொள்கை நல்லது. ஆனால் காவிரியின் கதையில் கெடுதல் நுழைந்த வாசலே அந்த நல்ல எண்ணம்தான். ‘மகசீர்’ என்று பெயர் இருந்தால் போதும் என்று விட்ட குஞ்சுகள், இருந்த மகசீரை மூலைக்குத் தள்ளின. இனி காவிரிப் படுகையில் எந்த மகசீர் குஞ்சு விடப்பட்டாலும், அது இந்தப் படுகையின் இனம்தான் என்று மரபணுச் சோதனையில் உறுதி செய்த பிறகே விட வேண்டும். நீலத்துடுப்பு மகசீரை இப்படுகையில் விடுவதை அறவே தடைசெய்ய வேண்டும். கூன்முதுகு மகசீரைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்ய முனைந்தால், அதற்கான தாய்மீனை மாயாற்றிலிருந்து எடுப்பதற்கு முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். கடைசிக் கூட்டத்திலிருந்து எடுப்பது காப்பாற்றுவதாகவும் முடியலாம், கொள்ளை கொடுப்பதாகவும் முடியலாம். அந்த முடிவை ஓர் அதிகாரி தனியாக எடுக்காமல் மீனியல் அறிஞர்கள், வனத்துறை, தங்கள் துறை மூவரும் கூடி எடுக்க ஏற்பாடு செய்யக் கோருகிறோம்.

மூன்றாவதாக, தடைக்காலம். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாட்களில் மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்கிறது. அதனால்தான் அந்தத் தடை தமிழகத்தில் ஊரறிந்த ஒன்றாக, முணுமுணுப்போடேனும், மதிக்கப்படுகிறது. ஆற்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும். மகசீர் இனங்கள் பருவமழையின் புதுவெள்ளத்தில் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறிப் பரல் நிறைந்த ஓடைப் படுகையில் முட்டையிடுபவை. அந்த ஏற்றத்தின்போது குறுகிய பாறை வாய்களில் குறுக்கே ஒரு வலை கட்டினால் ஓர் ஆண்டின் தலைமுறையையே வழிமறித்து எடுத்துவிடலாம். ஏற்றம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைத் தங்கள் துறையின் வல்லுநர்கள் வகுத்துச் சொல்லட்டும். அந்த வாரங்களுக்குத் தடையும், கடல் மீனவருக்கு உள்ளதுபோன்ற நிவாரணமும் சேர்ந்தே அறிவிக்கப்பட வேண்டும். நிவாரணம் இல்லாத தடை, ஏழையை இரவில் வலை கட்டத் தூண்டும் என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவதாக, தூண்டில் விளையாட்டு. சுற்றுலா வருமானத்தின் பெயரால் அதைத் திறந்துவிடச் சொல்லும் குரல்கள் எழுவது இயல்பு. எங்கள் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறோம். மாயாற்றிலும் சரணாலயங்களிலும் அது வேண்டாம். மற்ற இடங்களில், தங்கள் துறை நேரடியாக உரிமம் கொடுத்து, எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி நடத்துவதானால் எதிர்க்க மாட்டோம். ஆனால் நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில்முள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மீனைத் தண்ணீருக்கு வெளியே தொங்கவிட்டு எடை பார்க்கக்கூடாது. நீரிலேயே வலைத்தொட்டிலில் வைத்து நீளத்தை அளந்துகொண்டு விட வேண்டும். நெடுநேரம் இழுத்துப் போராடிக் களைத்த மீனை, மடியில் கிடத்திப் பல கோணங்களில் படமெடுத்த பின் விடுவதற்குப் பெயர் விடுதலை இல்லை. கோடையில் நீர் சூடேறி ஓட்டம் குறைந்த வாரங்களில் தூண்டிலே கூடாது. சாதனை எடை, கோப்பை, போட்டி எதுவும் இந்த ஆற்றில் வேண்டாம்.

உரிமக் கட்டணம் பொதுக் கருவூலத்தில் கரைந்துவிடாமல், ஆற்றுக் காவலர்களின் சம்பளமாக அந்த ஊருக்கே திரும்ப வேண்டும். காவலர் வேலையில் முதல் உரிமை பரிசல் ஓட்டுவோருக்கும் உள்நாட்டு மீனவருக்கும் கொடுங்கள். உரிமம் பெறும் ஒவ்வொருவரும் பிடித்த மீனின் இனம், நீளம், இடம், நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும். தராதவருக்கு அடுத்த உரிமம் இல்லை. அதே பதிவேட்டை கூட்டுறவுச் சங்க மீனவரும் எழுதட்டும். எழுதுவோருக்கு ஊக்கத்தொகை கொடுங்கள். இனம் பிரிக்காமல் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் காலிபோரே பதிவேடே சாட்சி. இனி மொத்தக் கணக்கைக் காட்டி எந்த அறிக்கை மேசைக்கு வந்தாலும், ‘இனவாரியாக எவ்வளவு?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

வெடி விஷயத்தில் தங்கள் துறை தனித்து ஒன்றும் செய்ய இயலாது என்பதை ஒப்புகிறோம். ஆனால் காவல்துறை, கனிமவளத்துறை, வனத்துறை ஆகியவற்றை ஒரே மேசையில் கூட்டும் மாவட்டக் குழுவைக் கோர தங்களால் முடியும். வெடிமருந்து யாருடைய கணக்கிலிருந்து கசிகிறது என்பதைத் தொட்டால்தான் மடுவில் சத்தம் நிற்கும். நூறாண்டு கடந்த அபராதத் தொகையை உயர்த்திச் சட்டத்திருத்தம் கொண்டுவர அரசுக்குப் பரிந்துரைக்கவும் தங்களால் முடியும்.

கடைசியாகத் தண்ணீர். இரு மாநில எல்லையில் பிலிகுண்டுலு என்ற இடத்தில் காவிரி நாள்தோறும் அளக்கப்படுகிறது. எத்தனை கனஅடி வந்தது என்பது மறுநாள் காலை நாளிதழில் வருகிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு அங்கே வரவேண்டிய அளவை 177.25 டிஎம்சி என்று வகுத்தது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தந்த இறுதித் தீர்ப்பிலேயே 10 டிஎம்சி சுற்றுச்சூழலுக்கென்று தனியே எண்ணப்பட்டிருக்கிறது. அந்த 10 டிஎம்சி எந்த மாதத்தில், எந்த வேகத்தில் ஆற்றில் ஓடினால் மீனுக்குப் பயன் என்று சொல்லத்தக்க துறை தங்களுடையது. அணையும் ஆற்று மீனும் மோதினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்: 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு, கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உல்லம் மீனின் வழி அடைந்துபோனது. அது முடிந்த கதை. மகசீரின் கதை இன்னும் முடியவில்லை. மீனுக்கு வேண்டிய நீரோட்டம் குறித்த ஒரு குறிப்பை நீர்வளத்துறைக்கும், மாநிலத்தின் சார்பில் காவிரி மேலாண்மை ஆணையத்தில் பேசுவோருக்கும் தாங்கள் அனுப்ப வேண்டுகிறோம். மேகதாதுவில் அணை கட்டும் திட்டத்தைத் தமிழகம் தண்ணீரின் பெயரால் எதிர்க்கிறது. அந்த அணை மூழ்கடிக்கப்போவது மகசீர் வாழ்ந்த பள்ளத்தாக்கையும்தான் என்ற வாதத்தைத் தங்கள் துறை முன்வைத்தால் நம் தரப்பின் வலு கூடுமே தவிரக் குறையாது. அதேபோல், எல்லையாக ஓடும் ஆற்றில் ஒரு கரையில் தடையும் மறுகரையில் அனுமதியும் இருந்தால் பரிசல் ஏறி எதிர்க்கரைக்குப் போய்விடலாம். கர்நாடகத்தில் தங்கள் நிலையில் இருப்பவரோடு கலந்து, தடைக்காலமும் பிடிவிதியும் இரு கரையிலும் ஒன்றாக இருக்கச் செய்வது, தண்ணீர்ப் பங்கீட்டைப்போல நீதிமன்றம் வரை போக வேண்டிய விவகாரம் இல்லை. இரண்டு கடிதங்களிலும் ஒரு கூட்டத்திலும் முடியக்கூடியது.

இத்தனையையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஆனால் மூன்றைச் செய்யத் தங்கள் கையெழுத்தே போதும்: கூன்முதுகு மகசீரை எடுக்கத் தடை, நீலத்துடுப்பு மகசீர் குஞ்சு விடத் தடை, இனவாரிப் பதிவேடு. இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். மேட்டூர் அணை திறப்புக்கென்று மரபாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. புதுவெள்ளம் வருவதும் மீன் மேலேறுவதும் அதை ஒட்டித்தான். வரும் ஜூன் 12-க்கு முன் இம்மூன்று ஆணைகளும் வெளிவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தடைக்காலம், நிவாரணம், காப்பு மடுக்கள் ஆகியவற்றுக்கான வரைவை அதற்கடுத்த ஆறு மாதங்களில் மக்கள் பார்வைக்கு வைத்து, மீனவர்களின் கருத்தைக் கேட்டு, அடுத்த வெள்ளத்துக்கு முன் நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள்.

தாங்கள் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையையும் இந்தப் பக்கங்களில் நேர்மையாகப் பதிவு செய்வோம். எடுக்காமல் விட்டதையும் அவ்வாறே பதிவு செய்வோம். தங்கள் பதிலை எதிர்நோக்குகிறோம். வந்தால் ஓர் எழுத்தும் குறைக்காமல் வெளியிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர் குழு